கியூரிப் சந்தியில் கிறிஸ்துமஸ் விருந்து

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்தைச் சிக்கனமாக வைக்க வேண்டுமாம். எந்த மதத்தாரும் எந்தப் பழக்கத்தாரும் மனம் கோணாமல் கலந்துகொள்ளும்படி வைக்க வேண்டுமாம். மார்வா லெசாமா அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

"நமக்கே பாடம் எடுக்கறாங்க பாரு! இந்த ஆபீஸ்ல எந்த வருஷம் யாரை விட்டுட்டு விருந்து வச்சோம்? இதை எழுதின பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அத்தனை பேரையும் ஒரே மேசைல உக்கார வச்சுப் பரிமாறினவ."

"ஆமாங்க மிஸ் மார்வா," என்றான் ஆல்ஸ்டன் கஃபி. அவன் தலையை நிமிர்த்தவில்லை. இந்தப் பேச்சு இனி எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். நேராகப் பழைய முதலாளி லசால் காலத்துக்குப் போகும்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்துக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். ஒரு காலத்தில் மாடி தாங்காத கூட்டம். இப்போது நாலே பேர். பில் போடுகிறவள் மார்வா. தட்டச்சு இயந்திரம் இருந்த நாளிலிருந்தே அவளுக்குப் பக்கத்து மேசை ஜலினா ஹொசைன். கணக்கு எழுதுகிறவர் சூக்தியோ கோசின்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிறவன் கஃபி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

லசால் முதலாளியாக இருந்த காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலை நின்றுவிடும். கோப்புகளெல்லாம் அலமாரி உச்சிக்குப் போகும். மேசைகள் சுவரோரம் ஒதுங்கும். சுமை தூக்கும் ஆட்கள் நாலுதந்தி கிதாரோடு மாடியேறி வந்து ஸ்பானியப் பாட்டு பாடுவார்கள். பாடுகிறவர்களுக்கே பாதிக்கு அர்த்தம் தெரியாது. மார்வாவுக்குத் தெரியும், அவள் அப்பா வீட்டில் அந்த பாஷை இருந்தது. அவள் பாட ஆரம்பித்தால் ஜலினா மேசையில் விரலால் தாளம் போடுவாள். வாழையிலையில் சோளமாவும் இறைச்சியும் வைத்துக் கட்டி அவித்த பாஸ்டெல், ரம்மில் ஊறிய கறுப்பு கேக், பூவிதழை ஊறவைத்துச் செய்த சிவப்பு சொரல் பானம், எல்லாவற்றுக்கும் நடுவில் கிராம்பு குத்திப் பளபளவென்று பன்றித் தொடை ஹாம். அதை வெட்டுகிற உரிமை மார்வாவுக்கு மட்டும்தான். லசாலே கையை வைத்தாலும் தட்டிவிடுவாள்.

அவள் யாரையும் மறந்ததில்லை. அதுதான் அவளுடைய பெருமை. ஹாமை வெட்டி முடித்ததும் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஜலினாவுக்குக் கோழி தனியா இருக்கு! யாரும் தொடக் கூடாது!" என்று மாடி அதிரக் கத்துவாள். பிறகு தட்டோடு தானே போய் ஜலினாவின் கையில் கொடுப்பாள். ஜலினா வாங்கிக்கொண்டு சிரிப்பாள். வருஷா வருஷம் நடக்கும் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கஃபி இரண்டு தட்டு சாப்பிடுவான். "கஃபிக்கு ரெண்டு வயிறு" என்று எல்லாரும் ஓட்டுவார்கள். அவனும் வாயெல்லாம் கொழுப்போடு சிரிப்பான்.

மார்வாவின் புருஷன் எப்போதோ போய்விட்டான். பிள்ளைகள் இரண்டும் புரூக்ளினில். நகரத்துக்கு மேற்கே டியகோ மார்ட்டினில் இருக்கும் தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவள் எடுத்து வைத்துப் பார்ப்பதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகளைத்தான். தன் வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது குறையில்லாமல் செய்திருக்கிறோம் என்றால் அது அந்த விருந்துகள்தான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

இந்த வருஷத்தோடு ஜலினா ஓய்வு பெறுகிறாள். இதுவே இருவரும் சேர்ந்திருக்கும் கடைசி விருந்து. அதனால் மின்னஞ்சல் எப்படியிருந்தாலும் சரி, லசால் காலத்தைப் போலவே நடத்திக் காட்டுவதென்று மார்வா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மூவரையும் தன் மேசையைச் சுற்றி நிற்க வைத்தாள்.

"ஆளுக்கு ஒரு அயிட்டம் வீட்லேருந்து செஞ்சு எடுத்துட்டு வரணும். செலவும் இல்ல, எல்லாரோட சமையலும் ஒரே மேசைல. தலைமை ஆபீஸ் வாயை மூடிக்கும். நான் ஹாம் கொண்டு வர்றேன், ஜலினாவுக்குக் கோழியும் நானே. ஒரே ஒரு சட்டம். எல்லாரும் எல்லாத்தையும் ருசி பாக்கணும். யார் செஞ்சதையும் யாரும் ஒதுக்கக் கூடாது. ஹாம் மட்டும் விதிவிலக்கு."

கோசின் கஃபியைப் பார்த்தார். கஃபி தன் ஷூவைப் பார்த்தான்.

"நான் வரலை மார்வா," என்றாள் ஜலினா.

மார்வாவுக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று. "எங்க வரலை?"

"விருந்துக்கு. நீங்க மூணு பேரும் சாப்பிடுங்க. எனக்கு இடுப்பு வலி."

"விருந்துக்கே இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, அதுக்குள்ள இடுப்பு வலியாடி!"

"அன்னிக்குப் பேரனைப் பாத்துக்கணும்."

"இடுப்பா, பேரனா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

ஜலினா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பில் அடிக்க உட்கார்ந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அது மார்வாவுக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் வலித்தது. இத்தனை வருஷத்தில் காய்ச்சலோடுகூட வந்தவள், கடைசி வருஷம் பார்த்து வரமாட்டேன் என்கிறாள் என்றால், அவளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

அன்று முதல் மார்வா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காலை வணக்கத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஜலினா கொண்டு வந்த கொய்யா ஜாமைத் தொடவில்லை. ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்திலிருந்த ஜலினாவின் மேசையை விட்டுவிட்டு, அறையைக் கடந்து கோசினிடம் போய் வாங்கினாள். கோசின் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கொடுத்தார், பாவம்.

அந்த வாரக் கடைசியில் கஃபி துறைமுகத்திலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தான். மார்வா பின்னாலேயே போய் அந்தச் சின்னச் சமையலறையின் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"விருந்து கிடையாது. சொல்லிட்டேன். அவ இல்லாம எனக்கு விருந்து வேண்டாம். ஜனவரில அவ போயிடுவா, நீங்க ரெண்டு பேரும் டீயும் பிஸ்கட்டும் தின்னுட்டுக் கெடங்க."

"மிஸ் மார்வா, கோவப்படாதீங்க..."

"கோவமா? எனக்கு நெஞ்சு எரியுது கஃபி. நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்? ஒரு வருஷமாவது அவளோட கோழியை மறந்தேனா? சொல்லு!"

கஃபி நெற்றியைத் துடைத்தான். கெட்டிலைப் பார்த்தான். அது கொதிக்கவில்லை. "மறக்கலைங்க," என்றான். "அந்தக் கோழிதான் கொறையே."

"என்ன?"

"அந்தக் கோழியை அவங்க ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லைங்க. நான்தான் தின்னேன். ரெண்டாவது தட்டு என்னோடது இல்ல, அவங்களோடது."

மார்வா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஹாம் வெட்டின கத்தியாலதானே கோழியையும் வெட்டுவீங்க? அப்புறம் ஹாம் சட்டியிலேருந்து அந்தக் குழம்பை ஒரு கரண்டி எடுத்துக் கோழி மேல ஊத்துவீங்க. 'அவளுக்கும் கிறிஸ்துமஸ் ருசி தெரியட்டும்'னு சொல்லிட்டே ஊத்துவீங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. அவங்க அதைக் கையில வாங்கிட்டு நிப்பாங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான் வாங்கிக்குவேன்."

அந்தக் கரண்டி மார்வாவுக்குக் கண்முன்னே வந்தது. சொட்டச் சொட்ட ஊற்றியது, தலையைச் சாய்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றியது, எல்லாம் வந்தது. ஹாம் வேண்டாம் என்றால் ஹாம் துண்டு வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பன்றிக் கொழுப்பில் குளித்த கோழியை அவள் ஒரு நாளும் பன்றி என்று எண்ணிப் பார்த்ததேயில்லை.

"கோசின்?" என்றாள்.

"அவரு உருளைக்கிழங்கு சாலட்ல ஹாம் துண்டைப் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்குவாரு. பொறுக்கி முடிக்கறதுக்குள்ள விருந்தே முடிஞ்சுடும்." கஃபி அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தான். "ஆனா யாரும் பட்டினி கெடக்கலைங்க, அதை நெனச்சு வருத்தப்படாதீங்க. போற வழில கியூரிப்ல எறங்கி டபிள்ஸ் வாங்கித் தின்னுட்டுத்தானே போவோம்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாரு போவீங்க?"

கெட்டில் இப்போது கொதித்தது. அதனால் கஃபிக்கு ஒரு வேலை கிடைத்தது.

மார்வா நேராக ஜலினாவின் மேசைக்குப் போனாள். ஜலினா அவள் முகத்தைப் பார்த்ததுமே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கஃபி உளறிட்டானா?"

"நீ ஏன்டி சொல்லலை?"

"மொத வருஷமே சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். நீ தட்டோட எதிர்ல வந்து நின்ன. உன் மொகம் இருந்த இருப்பைப் பாத்துட்டு எப்படிடி சொல்றது? ரெண்டாவது வருஷம் சொன்னா, மொத வருஷம் ஏன் சொல்லலைன்னு கேப்ப. அதுக்கப்புறம் அது பாட்டுக்கு வழக்கமாயிடுச்சு."

"இந்த வருஷம் மட்டும் என்ன?"

"எல்லாரும் எல்லாத்தையும் ருசி பாக்கணும்னு சட்டம் போட்டுட்டியே! போன வருஷம் வரைக்கும் கூட்டம் இருந்துச்சு, தட்டைக் கைமாத்தினோம். நாலு பேருக்கு நடுவுல எப்படி? உன் கண்ணு என் வாய்மேலயே இருக்கும். கடைசி நாள்ல உன் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்றதைவிட, வராமலே இருந்துடலாம்னு பாத்தேன்."

"கியூரிப்?"

ஜலினா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் மார்வா நினைத்தாள். இல்லை, சிரிக்கிறாள்.

"பசிக்காதாடி பின்ன? கோசின் கார்ல நாங்க மூணு பேரும் கெழக்கே போறவங்க. கியூரிப் சந்தில டபிள்ஸ் வண்டி இருக்கு. கடலையும் மாவும்தானே, யாருக்கும் எந்தத் தடையும் இல்ல. ஒரு வருஷம் எறங்கினோம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும்."

"என்னை ஏன் கூப்பிடலை?"

"நீ மேற்கே போறவ. அதோட எல்லாத்தையும் கழுவி வச்சுட்டுத்தான் கெளம்புவ. அதோட..." ஜலினாவின் சிரிப்பு நின்றது. "உன்கிட்ட என்ன காரணம் சொல்லிக் கூப்பிடறது?"

மார்வா கைப்பையை எடுத்துக்கொண்டு நேரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல அந்த வெள்ளிக்கிழமைகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் முன்பு போல இல்லை. எந்த விருந்தை நினைத்தாலும் ஓர் ஓரத்தில் ஜலினா நிரம்பிய தட்டோடு பசியாக நின்றுகொண்டிருந்தாள். வெட்கத்தில் மார்வாவுக்குக் காது சுட்டது. வெட்கத்துக்கு அடியில் கோபமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. ஹாம் சட்டியில் ஒட்டிய கருகலை அவள் தனியாக நின்று சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் மூவரும் ஒரு வண்டியைச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டவள் நான் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். சேர்க்கப்படாத ஒரே ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை அவள் கண் வீங்கி வந்தாள். கொய்யா ஜாம் மேசையிலேயே இருந்தது. அவள் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"விருந்து வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல இல்ல, கியூரிப்ல. யாரும் எதையும் சமைக்க வேண்டாம். எந்தச் சட்டமும் கெடையாது." கோசின் பக்கம் திரும்பினாள். "கோசின், உங்க கார்ல எடம் இருக்கா?"

கோசின் எழுந்து நின்றார். "எப்பவும் இருந்ததுங்க," என்றார்.

ஜலினாவை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பக்கத்து மேசையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வேலை முடிஞ்சு நேராப் போயிடலாம்," என்றாள் ஜலினா. "நேரமானா வரிசை நீளும்."

வெள்ளிக்கிழமை சாலையெல்லாம் வண்டி. கார் ஊர்ந்து ஊர்ந்து கியூரிப் சந்திக்கு வந்தபோது பொழுது சாய்ந்து கடைகளில் வண்ண விளக்குகள் எரிந்தன. கோசின் காரை நிறுத்தினார். மூவரும் இறங்கியதைப் பார்த்தாள் மார்வா. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கோசின் போய் வரிசையில் நின்றார். கஃபி சாத்தியிருந்த மருந்துக்கடையின் படியில் உட்கார்ந்தான். ஜலினா விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். அவரவர்க்கு அவரவர் இடம் இருந்தது. மார்வாவுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கைப்பையை இடுக்கிக்கொண்டு நடைபாதை நடுவில் நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

"காரம் எப்படி?" என்று வண்டிக்காரி அங்கிருந்தே கத்தினாள்.

"எங்க மூணு பேருக்கும் எப்படின்னு உங்களுக்கே தெரியும்," என்று கத்தினார் கோசின். "புது ஆளுக்கு லேசா!"

தாளில் பொதிந்த டபிள்ஸ் மார்வாவின் கைக்கு வந்தது. மெத்தென்று பொரித்த இரண்டு பாரா ரொட்டியும், நடுவில் வழியும் கடலைக்கறியும், மேலே வெள்ளரிக்காயும். கை சுட்டது. சாப்பிடத் தோன்றவில்லை. மற்ற மூவரும் குனிந்து, சட்டையில் சிந்தாமல் லாகவமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நிரம்பிய கையோடு நின்றாள். இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு மத்தியானம் முழுவதும், ஒவ்வொரு வருஷமும், சிரித்த முகத்தோடு.

"இங்க வாடி," என்றாள் ஜலினா. "கம்பம் ரெண்டு பேரைத் தாங்கும்."

மார்வா போய்ப் பக்கத்தில் சாய்ந்தாள். தோளோடு தோள் பட்டது.

"என்னை மன்னிச்சுடு ஜலினா."

"சாப்பிடு. ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது."

ஒரு வாய் கடித்தாள். நன்றாக இருந்தது. அவளுக்கு அதுவே ஆற்றாமையாக இருந்தது.

"இத்தனை வருஷமா இங்க நின்னு என்னதான்டி பேசுவீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கோசின்தான் வாயைத் திறந்தார்.

"உங்களைப் பத்தித்தான்."

"திட்டுவீங்களா?"

"ஐயோ, திட்டறதா!" என்றான் கஃபி. "அன்னிக்கு நீங்க என்ன ஆடினீங்க, யாரை என்ன கேட்டீங்க, எல்லாத்தையும் இங்க திரும்ப ஒரு தடவை நடத்துவோம் மிஸ் மார்வா. சுங்க அதிகாரி குடிச்சுட்டு மேசைல ஏறினப்போ நீங்க அவரு காதைப் புடிச்சு எறக்கினீங்களே, அதை மட்டும் ஏழெட்டு வருஷம் பேசியிருப்போம். கோசின் உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவாரு."

"கோசினா?"

"காட்டுங்க கோசின்," என்றாள் ஜலினா.

கோசின் கையைத் துடைத்துக்கொண்டார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்து, முகவாயைத் தூக்கி, அந்தச் சந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "ஏ யாரது, சொல்லாம கொள்ளாம படியெறங்கறது? இங்க வந்து என் கன்னத்துல முத்தம் குடுத்துட்டுப் போ! அடுத்த வருஷம் வரைக்கும் எனக்கு இதுதான்!"

வண்டிக்காரி கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது அப்படியே மார்வாவின் குரல். இப்படிச் சொல்வோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. இவர்கள் வைத்திருந்திருக்கிறார்கள். பசித்த வயிற்றோடு அவள் விருந்தைவிட்டுப் போனவர்கள், பசி ஆறினதும் அந்த விருந்தை எடுத்து வைத்து, அவளை நடுவில் நிறுத்தி, மறுபடி கொண்டாடியிருக்கிறார்கள். அவளில்லாமல் நடந்தது என்று அவள் வயிறெரிந்தாளே, அதில் அவளைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

அவள் அழுதாள். மறைக்கவில்லை.

"காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டாள் வண்டிக்காரி.

"இல்லம்மா, பத்தலை," என்றாள் மார்வா. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோசின், ஆளுக்கு இன்னும் ரெண்டு சொல்லுங்க. என்னோடதுல நல்லாக் காரம் போடச் சொல்லுங்க. ஜலினா, நீ மொத வருஷத்துலேருந்து ஆரம்பி. ஒண்ணையும் விடாத."

"மொத வருஷம் லசால் நாற்காலியோட விழுந்தது," என்று ஆரம்பித்தாள் ஜலினா.

"அது ரெண்டாவது வருஷம்டி."

"மொத வருஷம்!"

"நான் தூக்கி விட்டேன், எனக்குத் தெரியாதா?" என்றாள் மார்வா. கம்பத்தில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளும் செருப்பைக் கழற்றினாள்.